மீன் தொட்டித் தண்ணீர்

சொட்டுத் தண்ணீர் வீணானாலும் என் அத்தைக்கு மனசு கேட்காது. அரிசி கழுவியது, கீரை அலசியது, சுடுதண்ணீர் வரும்வரை குழாயில் சும்மா ஓடுவது எல்லாம் வாளிக்குப் போகும். அங்கிருந்து பால்கனிச் செடிகளுக்கு. வேலை கிடைத்து அவள் வீட்டில் தங்கப் போன புதிதில் நான் வாளி தடுக்கி விழாத நாளே இல்லை. அப்பா தன் தங்கைக்கு வைத்த பெயர் 'வாளி மகாராணி'.

அத்தை டெலிபோன் ஆபரேட்டர். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "இன்னொரு ஆள் வந்தா வாளியை எங்கடி வைக்கிறது?" என்பாள்.

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துப் பெரணிச் செடிக்கு ஊற்றிவிட்டாள். அதில் உப்புப் போட்டது மறந்தே போச்சு. இலையெல்லாம் ஓரம் கருகத் தொடங்கியது. உப்பு வெளியேறட்டும் என்று அத்தை நல்ல தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். அது தொட்டியின் அடியில் வழிந்து, கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை மேல் சேறாக இறங்கியது.

கீழ்வீட்டுக்காரர் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். தனி ஆள். சட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இதைப் போட்டுட்டு நான் எப்படிங்க கடைக்குப் போறது?"

அத்தை சட்டையை வாங்கி, துவைத்து, தேய்த்து, மறுநாள் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கூடப் போனேன். அவர் தானே செய்த பெரிய மீன் தொட்டியிலிருந்து பழைய தண்ணீரை இறைத்துச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யய்யோ, அதை ஏங்க கொட்றீங்க!" அத்தை அலறிய அலறலில் அவர் குவளையைக் கீழே போட்டுவிட்டார்.

"அழுக்குத் தண்ணிங்க."

"செடிக்கு அதுதாங்க சத்து."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவர் மீன் தொட்டித் தண்ணீர் வாளியோடு மாடியேறினார். பெரணி புதுத் துளிர் விட்டது. வாளியை வைத்துவிட்டு உடனே திரும்பியவர், பிறகு டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் டீ முடிந்தும் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஏறி இறங்கி முட்டி வலிக்குதுங்க. பேசாம தொட்டியையே இங்க கொண்டாந்து வச்சிடலாமான்னு பாக்கிறேன்."

அத்தை செடியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "தொட்டி மட்டுமா?"

"நானுந்தான்."

நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நழுவினேன்.

விஷயம் கேட்டு அப்பா வயிறு வலிக்கச் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணத்தை எளிமையாக முடித்தோம். தொட்டிக்கு இடம் வேண்டுமென்று சோபா வெளியே போனது. நான் விடுதிக்கு மாறினேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருப்பேன். மாமா ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்குவார்.

"மெதுவாங்க, மீன் வாய்க்குள்ள போயிடப் போகுது."

"போனா உனக்குக் குழம்பு வைக்கிற வேலை மிச்சம்" என்று மாமா கடகடவென்று சிரிப்பார்.

இருவரும் இப்போது இல்லை. அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். மாமாவின் அந்தச் சிரிப்பும், "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க, வழுக்கும்" என்று எங்களை விரட்டும் அத்தையின் குரலும் மட்டும் ஞாயிறு மத்தியானங்களில் காதோரம் வந்து போகின்றன.