செல்வி போட்ட வரைபடம்

இன்று காலை டீக்கு வைத்த தண்ணீரை மறந்துவிட்டு எங்கோ நின்றுவிட்டேன். தண்ணீர் சுண்டி, தூள் அடிப்பிடித்து, வீடு முழுக்கக் கசப்பு வாடை. பாத்திரத்தைத் தேய்க்கத் தேய்க்க, எப்போதோ விட்டு வந்த ஓர் ஆறாம் வகுப்பு வந்து நின்றுகொண்டது. முதுகு வலிக்கும் வயதில் நினைவுகளும் நேரம் பார்த்து வருவதில்லை.

தொண்ணூறுகளில் மைசூர் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு சின்னக் கன்னடப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். கடல்வழி கண்டவர்கள் என்று ஒரு பாடம். வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடும் என்பதால் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக் கப்பல் கட்டினோம். சுருட்டிய மேப்தான் தொலைநோக்கி. வெள்ளைத்தாளில் டீ டிகாக்‌ஷனைத் தடவிக் காயவைத்து, ஓரத்தை மெழுகுவத்தியில் லேசாகக் கருக்கினால் ஐந்நூறு வருஷத்துப் பழைய வரைபடம் தயார். போர்ச்சுக்கல் மாலுமியைக் கள்ளிக்கோட்டையில் இறக்கிவிட்ட நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. வகுப்பில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஒரு பயணத்தை வரைந்து வாருங்கள் என்றிருந்தேன். எல்லாரும் பாடப்புத்தகத்துக் கடலை வரைந்தார்கள். செல்வி மட்டும் தன் சொந்த ஊரான கோபிநத்தத்திலிருந்து மைசூர் வரை வரைந்திருந்தாள். அப்பா கொத்தனார், கட்டடம் எழும்பும் இடமெல்லாம் குடும்பமும் போகும். ஹனூரில் பஸ் மாறும்போது தம்பி வாந்தியெடுத்த இடம், நாய் கடித்த இடம், தண்ணீர் உப்புக்கரித்த கிணறு, தங்கிய ஏழு தகரக் கொட்டகைகள் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் பாதி எழும்பிய ஒரு வீடு. அதற்குப் பிறகு எங்கே என்று கேட்டேன்.

"தெரியலீங்க மிஸ். கட்டடம் முடிஞ்சாத்தான் தெரியும்."

பெற்றோர் வரும் நாளில் அதைச் சுவரில் ஒட்டுவீர்களா, அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றாள். ஒட்டுகிறேன் என்றேன்.

தலைமையாசிரியர் பாடத்தில் இருப்பதை மட்டும் ஒட்டச் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர் கையில். ஐம்பது தாள் திருத்திய அசதி வேறு. அவள் வரைபடத்தை அலமாரியில் வைத்தேன். நாளைக்கு அவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

பெற்றோர் வரும் நாளில் அவள் அப்பா அன்றைய வேலையை விட்டுவிட்டு, வெளுத்த சட்டையில் வந்தார். நகக்கண்ணில் சிமெண்ட் மிச்சம் இருந்தது. தாள்களில் பெயர்கள் கன்னடத்தில் இருந்தன, அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது.

"ஏனுங்க டீச்சர், எம்புள்ள போட்டது எதுங்க?"

அவருக்குப் பின்னால் செல்வி. அவள் அதற்குள் இரண்டு முறை சுவரோரமாக நடந்து தேடிவிட்டாள். தலைமையாசிரியர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அலமாரி பத்தடி தூரம்கூட இல்லை. என் கை யாரோ ஒரு பிள்ளையின் அழகான நீலக் கடலைக் காட்டியது.

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதைத் தொட்டார்.

"இந்த நீலமெல்லாம் என்ன சாமி?"

"கடலுப்பா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"நீ எங்க கடலப் பாத்தே?"

"மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து நாளில் செல்வி வருவது நின்றுவிட்டது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு, ஊர்க்கோடியில் அவர்கள் வேலை செய்த மனைக்குப் போனேன். வீடு முடிந்து வாசலில் மாவிலை காய்ந்துகொண்டிருந்தது. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். கரிபிடித்த மூன்று கற்கள் கிடந்தன. எங்கே போனார்கள் என்று காவல்காரருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து வரைபடத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன். கோடை விடுமுறையில் வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது அதுவும் பழைய பேப்பரோடு போயிற்று. எனக்கும் அடுத்த வருஷம் வேலை இல்லை.

பள்ளியையும் பிற்பாடு மூடிவிட்டார்கள். சென்ற வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊர்க்கோடிப் பக்கம் போனேன். இப்போது அது கோடியே இல்லை. தெருத்தெருவாக மாடி வீடுகள். அவர் கட்டியது எது என்று விசாரிக்கலாமா என்று ஒரு கேட்டருகே நின்றேன். என்னவென்று கேட்பது? செல்வியின் அப்பா பெயரை அன்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.