வக்கடையில் குந்தியிருந்த மாரி

ஈரக் கையில் யூரியாவை அள்ளினால் உள்ளங்கை சில்லிட்டுப்போகும். சீனிபோல் வெள்ளையாகக் கிடக்கும் அந்தச் சனியன், கரையும்போது கையிலிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொண்டுதான் கரையும். பயம் வந்தால் எனக்கு முதலில் சில்லிடுவதும் அதே உள்ளங்கைதான். ஆகவே சின்ன வயதில் வயலுக்குப் போன நாட்களில் என் கையைக் குளிரவைத்தது பசளையா பயமா என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

பயத்துக்கு எனக்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. சுனாமி வந்த காலையில் நான் பெரியகல்லாற்றில் பெரியம்மா வீட்டில் நின்றேன். வெள்ளைச் சுவர்போல் எழும்பி வந்த கடலை, ஒரு மதிலின்மேல் தொற்றிக்கொண்டு கண்ணால் பார்த்தவன். அதற்குப் பிறகு சண்டை வந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்த எங்கள் வீட்டை விட்டு ஓடினோம். திரும்பி வந்து அம்மாவின் சீதன வயலில் மறுபடி விதைத்தபோது, எனக்குக் கிணற்று வாளி சரிந்தாலும் கடல், கதவு அடித்தாலும் ஷெல். அப்பா கட்டாரில் வேலைக்குப் போயிருந்தார். ஆகவே வீட்டின் ஒரே ஆம்பிளை நான்தான். அந்த வீட்டின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் யூரியா என்றால் குண்டு செய்கிற சாமான் என்று ஆமிக்காரருக்குச் சந்தேகம். வாவியைக் கடந்து கொண்டுவரும் மூட்டையைச் சோதனைச் சாவடியில் குத்திக் கிளறிப் பார்த்து, கொஞ்சத்தைத்தான் விடுவார்கள். அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்தது ஒரே மூட்டை. அது மழையோடு போனால் அந்த மாரிப் போகத்துக்கு வேறு பசளை இல்லை. பயிர் மஞ்சளாகவே நின்று பதராகும். அடுத்த மாரிவரை எங்களுக்குச் சோறும் இல்லை. "பசளை எறிஞ்சவன் வானத்தப் பாக்கப்படா, வக்கடையைப் பாக்கணும்" என்று எங்கள் வயல் வட்டையில் பெரியவர்கள் சொல்வார்கள். வரம்பை வெட்டித் தண்ணீர் போக விட்ட வாய்தான் "வக்கடை". தண்ணீரை வற்றவைத்துப் பசளையை எறிந்துவிட்டு, அந்த வாயைச் சேறும் வைக்கோலும் வைத்து இறுக அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாம் எறிந்தது கீழ் வயல்காரனின் நெல்லுக்கும், மிச்சம் வாவி மீனுக்கும்.

எங்கள் கீழ் வயல்காரர் சாமித்தம்பி மாமா. அம்மா பசளை எறியும் நாட்களில் அவர் தன் வரம்பில் நின்று, மேலே எறிவது கீழே வராமலா போகும் என்று சிரித்துக்கொண்டே இருப்பார்.

மழை வெளித்து வெயில் எறித்த ஒரு நாள் பின்னேரம், அம்மா அந்த ஒரு மூட்டையையும் எறிந்து முடித்தார். வக்கடைகளை அடைத்தாயிற்று. அப்போதுதான் கிழக்கே, வாவிக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன்: தண்ணீரின் மேல் வெள்ளையாக ஒரு சுவர், எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அது மழை. இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது கடல். கடலைத் தவிர வேறொன்றுமில்லை. ஓடத்தான் நினைத்தேன், சத்தியமாக. கால்கள் அதற்கு உடன்படாமல் மடங்க, வரம்பின் தாழ்ந்த இடத்தில் அப்படியே குந்திவிட்டேன். அந்த இடம், அதற்குள் வந்து விழுந்த மழையின் முதல் அடியிலேயே அடைப்புக் கரைந்து வாய் பிளந்த பெரிய வக்கடை. பசளைத் தண்ணீர் முழுவதும் வந்து என் முதுகில் முட்டி, வழி இல்லாமல் நின்றுவிட்டது.

அம்மா மண்வெட்டியோடு ஓடி வந்தார். வரும் வழியெல்லாம் மற்ற வக்கடைகளும் அரித்துக்கொண்டிருந்ததைக் கண்டிருந்தார்.

"எழும்பு மனே, நான் அடைக்கிறன்."

"ஏலாதும்மா. கடல் வருது."

அம்மா கிறுகித் திரும்பி வாவியைப் பார்த்தார். பிறகு என்னையும், நான் அடைத்திருந்த வாயையும் பார்த்தார்.

"வந்தா வரட்டும். அது வந்து சேருற வரைக்கும் எழும்பாத" என்று சொல்லிவிட்டு, மற்ற வக்கடைகளை அடைக்கப் போய்விட்டார்.

மழை விடும்வரை அங்கேயே இருந்தேன். பல் அடித்தது, அழுதேனா என்பது மழையில் யாருக்கும் தெரியவில்லை. சாமித்தம்பி மாமா மேலிருந்து ஒன்றும் வந்து சேராத தன் வாய்க்காலைப் பார்த்தபடி மேலே வந்தார். "என்ன கா, இந்த மூடிய எங்க வாங்கின? நல்ல இறுக்கமாத்தான் கிடக்கு" என்று அம்மாவிடம் கேட்டார். அடுத்த கிழமை எங்கள் வயல் கரும்பச்சையாகத் திரும்பியபோது, அவருடையது மஞ்சளாகவே நின்றது. வட்டை முழுவதும் என்னைக் காவல்காரன் என்று புகழ்ந்தது. நான் மறுக்கவில்லை, வீரன் என்ற பெயர் சும்மா கிடைக்கும்போது வேண்டாமென்று சொல்ல நான் என்ன பைத்தியமா?

இப்போது சாவடி இல்லை, சண்டை இல்லை, சாமித்தம்பி மாமாவும் இல்லை. மழை வரும் என்று கைபேசி முன்கூட்டியே சொல்கிறது. அப்படியும் பசளையை எறிகிறார்கள், போனால் இன்னொரு மூட்டை என்று. வாவிக் கரையில் ஆற்றுவாழைக் களை கொழுத்துக் கிடப்பதைப் பார்க்கும்போது, யார் வீட்டு யூரியாவோ என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பெரிய வக்கடையில் நான் குந்தியிருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் பதித்து, திருகு மூடி போட்டிருக்கிறோம். நல்ல மூடி, அழாது, பல் அடிக்காது. ஆனாலும் கிழக்கே மழை இரையத் தொடங்கினால் என் உள்ளங்கை சில்லிடும். பயம் தெரியாத ஒன்றை எப்படி முழுதாக நம்புவது? குடையைப் பிடித்துக்கொண்டு போய், அது இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.