பெயர் வெட்டிய செம்பு

அந்தப் பித்தளைச் செம்பில் நானும் ஒருமுறை தண்ணீர் குடித்திருக்கிறேன். கழுத்தோரம் புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. அதற்குக் கீழே ஒரு தாமரை மொட்டு.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரிகை நிருபர். ராஜபாளையத்தில் பெரிய கடை திறந்த ஒரு முதலாளியைப் பேட்டி எடுக்கப் போயிருந்தேன். "ஆரம்பத்துல ராமேஸ்வரத்துல படகு ஓட்டுனேன் மேடம்" என்று பெருமையாகச் சொன்னார். "குடிங்க, வேகாத வெயில்ல வந்திருக்கிய" என்று அவர் கையாலேயே செம்பை நீட்டினார். பாதி குடித்த பிறகுதான் பெயரைப் பார்த்தேன். அது எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அம்மா பெயர்.

அக்கா இலங்கையில் சண்டை நடந்தபோது படகேறி வந்தவள். இங்கே நூல் மில்லில் வேலை. கரை வந்துவிட்டது என்று சொல்லி, நடுக்கடல் மணல்திட்டில் அம்மாவையும் அவளையும் இறக்கிவிட்டு, மூட்டையோடு போய்விட்டான் படகுக்காரன். மீனவர்கள் வந்து மீட்பதற்குள், காய்ச்சலில் கிடந்த அம்மா தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்துப்போனாள். பெயரும் மொட்டும் வெட்டிய செம்பு அந்த மூட்டையில்தான் இருந்தது என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள். நம் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு? எந்த வீட்டுக்குப் போனாலும் யாருடையது என்று அது சொல்லத்தானே. செய்ததையெல்லாம் மறைத்த முதலாளிக்கு அந்தப் பெயரைத் தேய்க்கத் தோன்றவில்லை.

செய்தி எழுதிக் கொடுத்தேன். "விளம்பரம் தாரவரும்மா. ஒரு செம்பு ஆதாரமாகுமா?" என்று ஆசிரியர் அதைக் கிழித்துப் போட்டார். வேலையை விட்டுவிட்டு நாவலாக எழுதினேன். "என்ட பேர் வேண்டாம், அம்மாட பேரைப் போடுங்கோ" என்றாள் அக்கா.

எங்கள் பக்கம் புத்தக வெளியீட்டில் முதல் பிரதியை ஊர்ப் பெரியமனிதர் வாங்குவார், படித்துப் பார்ப்பதில்லை. தட்டில் பழம் வைத்து நானே போய் முதலாளியை அழைத்தேன். போன மாதம் பட்டு வேட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்துக்கு வந்தார். முதல் பக்கத்தை உங்கள் குரலில் கேட்க வேண்டும் என்று மைக்கை நீட்டினேன். குஷியாக ஆரம்பித்தார். மணல்திட்டைத் தாண்டியபோது குரல் இறங்கியது. செம்பில் இருந்த பெயர் வந்ததும் வாசிப்பதை நிறுத்தினார். முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"நிப்பாட்டாதேங்கோ. அம்மா தண்ணி கேட்ட இடம் இன்னும் வரேல்லை."

அவர் புத்தகத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனார். எனக்கு இரக்கம் வரவில்லை, இனித்தது.

நேற்று யாரோ ஓர் ஆள் அந்தச் செம்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். புளி போட்டுப் பளபளவென்று துலக்கியிருந்தது. இத்தோடு முடிந்தது என்று முதலாளி நினைக்கிறார் போல. செம்பைப் படம் பிடித்துவிட்டேன். இரண்டாம் பதிப்புக்கு அதுதான் அட்டை. முதல் பிரதிக்கு அவரைத்தான் அழைக்கப்போகிறேன்.