ஜெப டப்பாவில் நான் போட்ட சீட்டு

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீட்டுக் குடியிருப்பில் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். பேர் போடாமல் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவோம். என் நாத்தனார் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்து ஜெபிப்பாள். அவள் என்னைவிட இளையவள். பத்தாவதோடு நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறாள். நான் எம்.எஸ்ஸி. முடித்தவள்.

அந்த வாரம் என் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. மறுநாள் சோலூர் ஆஸ்பத்திரியில் தட்டம்மை ஊசி போட வேண்டும். ஆனால் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்திருந்தது. ஆட்சியில் இருப்பவர்களும் வெளிநாட்டுப் பணக்காரர்களும் ரகசியமாகக் கூடி, ஊசி வழியாக நம் பிள்ளைகளை மலடாக்கத் திட்டம் போட்டிருக்கிறார்களாம். பொய்யென்று எனக்குத் தெரியும். இருந்தும் மூன்று முறை பார்த்தேன். ஊசி போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் அம்மை வந்துவிட்டால்? தூங்கும் குழந்தையின் தொடையைத் தடவிக்கொண்டே சீட்டு எழுதினேன்: “திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் நடத்துகிறவர்களிடமிருந்து எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றும். அவர்களுக்குத் தெரியாமல் எதுவும் நடப்பதில்லை. அவர்கள் கைக்குத் தப்ப யாராலும் முடியாது.”

நாத்தனார் அதை வாசித்தபோது இரண்டு மூன்று பேர் “ஸ்தோத்திரம்” என்றார்கள். அவள் மட்டும் சீட்டை இன்னொரு தரம் மனதுக்குள் படித்தாள். பிறகு ஊசி போடும் நர்ஸுக்காகவும், பயந்திருக்கும் தாய்க்காகவும், ஆளுகிறவர்களுக்கு நல்ல புத்தி கிடைக்கவும் ஜெபித்தாள். ரகசியக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எல்லாரும் போனபின், டம்ளர் கழுவும்போது, சீட்டை என்னிடம் நீட்டினாள்.

“இது நீங்க எழுதினதுதானுங்களே அண்ணி?”

“பேரே போடலையே!”

“இத்தன அழகா எழுத இந்த லைன்ல வேற யாரு இருக்கா? எனக்கெல்லாம் கோழி கிளறுன மாதிரிதான் வரும்.” சிரித்துவிட்டு எழுத்தின்மேல் விரலை வைத்தாள். “அவங்களுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்காது, அவங்க கைக்குத் தப்ப முடியாது. இதெல்லாம் நாம யாரைப் பத்திங்க சொல்லுவோம்?”

எனக்கு முகம் சூடேறியது.

“அரசியல்வாதி தப்பே பண்ணமாட்டான்னு நான் சொல்லலைங்க. பண்ணுவான். ஆனா தேர்தலுக்குத் தேர்தல் வந்து குழாய் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க, அதையே மறந்துடறாங்க. இவங்களா உலகத்தைக் கட்டி ஆள்றாங்க? அந்த எடம் கர்த்தரோடதுங்க, அண்ணி.”

ஓய்வுநாள் பள்ளியில் தேவ பராமரிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவள் நான். கர்த்தருக்கு மட்டும் உரியதை முகம் தெரியாத யாருக்கோ கொடுத்துவிட்டு, அதை ஜெபம் என்று டப்பாவில் போட்டிருக்கிறேன். கொழுந்து பறித்துக் கறுத்த அந்த விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது.

அப்படியும் புதன்கிழமை காலையில் தயங்கினேன். குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறதே, அடுத்த வாரம் போகலாமா? வாசலில் நாத்தனார் நின்றாள். ஸ்வெட்டர், தலையில் ஸ்கார்ஃப். கொழுந்துப் பை இல்லை.

“வேலைக்குப் போகலையா?”

“லீவு சொல்லிட்டேனுங்க. கெளம்புங்க, பஸ் போயிரும்.”

ஆஸ்பத்திரியில் மூக்கொழுகலைப் பற்றி நர்ஸிடம் அவளே கேட்டாள். பரவாயில்லை என்றார். குழந்தையின் கால்களை அவள்தான் அசையாமல் பிடித்துக்கொண்டாள். வீறிட்ட குழந்தை, திரும்பி வரும் பஸ்ஸில் அவள் தோளிலேயே தூங்கிப்போனது.

“உனக்குப் பயமே வராதா?” என்றேன்.

“வராம என்னங்க? அந்த வீடியோவ நானுந்தான் பார்த்தேன். அதான் உங்களத் தனியா அனுப்பல.”