கிராம் போட்ட எடை

பெரிய முதலாளி ஊரைவிட்டுப் போனது ஒரு புதன்கிழமை காலை. இனிமேல் கடல் கடந்து மகள் வீட்டோடுதான் என்று முடிவாகிவிட்டது. விமானத்தில் பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் அனுமதி என்றார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஆபீசுக்கு வந்தார். முப்பது வருஷம் தராசு விற்ற மனுஷன், தன் பெட்டியை அடுத்தவன் தராசில் ஏற்றுவாரா?

எடை போட்டவர் கிராம். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பழுதான தராசைப் பிரித்து, சரிபார்த்து, ஈய முத்திரை வைப்பது அவர் வேலை. எதைக் கையில் கொடுத்தாலும் "ரெண்டு கிராம் இடிக்குதே" என்றுதான் ஆரம்பிப்பார். அன்றும் அப்படித்தான். பெட்டியைத் திறந்து செருப்பு ஜோடியை வெளியே எடுத்தார், எடை பார்த்தார், ஒற்றைச் செருப்பைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு அங்க போய் நொண்டியடிக்கவா கிராம்?"

"இன்னொண்ணக் கைப்பையில போட்டுக்கோங்க. இப்ப இருபத்திரண்டு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. இதுக்கு மேல ஒரு கைக்குட்டை வச்சாலும் அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

பெரியவர் சிரித்தபடியே காரில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, "மத்தியானம் அம்மா வந்தா நான் போயிட்டு வரேன்னு சொன்னதா சொல்லிடுங்க" என்றார்.

அம்மா என்றது கிராமின் மனைவியை. பின்சந்தில் ஒரு தையல் கடையில் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரு மணி அடித்ததும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து, கிராமின் வேலை மேஜையில் தராசுகளை ஒதுக்கிவிட்டு உட்காருவார். வீட்டில் இரண்டு அறையில் எட்டுப் பேர். கிராமின் தம்பி குடும்பம் ஒரு பக்கம், மனைவியின் அக்கா குடும்பம் ஒரு பக்கம், நடுவில் டிவி. அங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசினால் ஆறு பேர் கருத்துச் சொல்வார்கள். ஆகவே அவர்கள் குடும்பம் நடத்தியதெல்லாம் ஒரு மணியிலிருந்து ஒன்றே முக்கால் வரைக்கும்தான்.

வியாழக்கிழமை முதல் மகன் முதலாளி. புதன் வரை "தம்பி" என்று கூப்பிட்டவரைக் கிராம் மறுநாள் "சார்" என்றார். அவரும் மறுக்கவில்லை.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மூன்று மாதத்தில் காலி செய்யவேண்டும். போக இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, இதே கடைவீதியில் இரண்டு சந்து தள்ளி ஒரு தரைத்தளம். மற்றது, நகரத்தின் மறுமுனையில், எல்லாக் கட்டடமும் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றதால் கண்ணாடிப்பேட்டை என்று பெயர் வாங்கிய பகுதியில், பதினோராவது மாடி. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்.

சின்ன முதலாளி இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய் ஒரு அட்டவணையோடு திரும்பியிருந்தார். பதினான்கு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் இவ்வளவு எடை என்று போட்டு, இரண்டு இடத்துக்கும் மதிப்பெண் கொடுத்துப் பெருக்கினால், எந்த இடம் என்று அட்டவணையே சொல்லிவிடுமாம்.

"எடை போடணும்னா நம்ம கம்பெனியில உங்கள விட்டா யாரு அண்ணே?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் கிராம் நினைத்தார். ஆனால் தாள் மேஜைக்கு வந்துவிட்டது.

"சார், காலித் தட்டு எவ்வளவு காட்டுது?"

"என்ன தட்டு?"

"ஒண்ணும் வைக்காதப்பவே ஒரு பக்கம் சாஞ்சிருந்தா, அப்புறம் எதை வச்சாலும் சாஞ்சுதானே காட்டும்."

"அருமை அண்ணே! இத முதல் பக்கத்துல பெரிய எழுத்துல போட்டுடலாம்."

கடைக்காரர்கள் எடையில் செய்கிற தில்லுமுல்லு அத்தனையும் கிராமுக்கு அத்துப்படி. தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவது, ஓரத்தில் கட்டைவிரல் வைப்பது. தன் விரலை மட்டும் அவர் என்றைக்கும் வைத்ததில்லை. அன்று வைத்தார். காபி, பார்க்கிங், ஜன்னலோரக் காட்சி எல்லாவற்றுக்கும் கீழே பன்னிரண்டாவது வரிசையில் கிடந்த 'வாடிக்கையாளர் வந்து போக வசதி'க்கு நூற்றுக்கு நாற்பது எடை. ஜன்னலோரக் காட்சிக்கு ஒன்று. கடைவீதி எழுபத்தொன்று, கண்ணாடிப்பேட்டை ஐம்பத்தெட்டு.

சின்ன முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விடை தப்பா வருதே அண்ணே."

"கணக்கு சரிதான் சார்."

"கணக்கு சரி. விடைதான் தப்பு."

உட்கார்ந்து எடையை மாற்றினார். காட்சி ஒன்றிலிருந்து இருபத்து நான்குக்கு ஏறியது. வாடிக்கையாளர் ஐந்துக்கு இறங்கினார். அப்போதும் கண்ணாடிப்பேட்டை ஒரே ஒரு மதிப்பெண்ணில்தான் ஜெயித்தது. போதும், நிறுத்திவிட்டார்.

"ரொம்ப வித்தியாசம் இருந்தா சந்தேகப்படுவாங்க."

"யாரு சார்?"

சின்ன முதலாளி யோசித்தார். கம்பெனியில் இருந்ததே ஒன்பது பேர். "பொதுவா" என்றார்.

மறுநாள் இடம் பார்க்கப் போனார்கள். மற்றவர்கள் ஜன்னலோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, கிராம் பையிலிருந்து நகைக்கடைத் தராசு ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தார். காலித் தட்டு. எண் பூஜ்யத்தில் நிற்கவில்லை. இரண்டு ஏறியது, மூன்று இறங்கியது, மறுபடி ஏறியது. மேலே ஏசி ஊதிக்கொண்டிருந்தது, கீழே ரயில் போகும்போதெல்லாம் தரை லேசாக நடுங்கியது. இந்த மாடியில் ஒரு தராசையும் சரிபார்க்க முடியாது என்பது அவருக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

"எப்படி அண்ணே இடம்?" என்று குரல் வந்தது.

கிராம் தராசைப் பைக்குள் போட்டார். "காத்தோட்டம் நல்லா இருக்கு சார்."

அடுத்த நாள் மத்தியானம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"தராசு நிக்குமான்னு அவர் கேட்டாரா?"

"கேக்கல."

"பதினாலு வரிசையில எங்கயாவது தராசுன்னு ஒரு வார்த்தை இருக்கா?"

"இல்ல."

"அப்ப சாப்பிடுங்க. நாம சொல்ல வேண்டாம், தராசே சொல்லிக்கும்."

குடிபெயர்ந்தார்கள். வாசலில் பூங்கொத்து, முகப்பில் 'காலித் தட்டிலிருந்து தொடங்குகிறோம்' என்று பித்தளை எழுத்து. கிராம் ஒரு மணிக்குத் தனியாகப் பாத்திரத்தைத் திறப்பார், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன, ம்?"

"இங்க மத்த எட்டுப் பேரும் கேக்கிறாங்க. நம்ம வீடு மாதிரியே இருக்கு."

தராசுகள் வந்து குவிந்தன. காவலாளியிடம் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, தராசைக் குழந்தை போல இடுப்பில் வைத்தபடி வியாபாரிகள் லிஃப்டில் ஏறி வந்தார்கள். கிராம் எல்லாவற்றையும் வாங்கி வரிசையாக அடுக்கினார். ஒன்றுக்கும் முத்திரை வைக்கவில்லை.

"நாப்பத்தி ரெண்டு தராசு நிக்குதே அண்ணே, ஏன்?"

"அதான் சார், நிக்க மாட்டேங்குது."

ஏசியை நிறுத்திப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் வியர்த்தார்கள், எண் நிற்கவில்லை. முத்திரை மட்டும் வைத்து அனுப்பச் சொன்னார் சின்ன முதலாளி. கிராம் முத்திரைக் குறட்டை அவர் கையில் கொடுத்து, "நீங்க வையுங்க சார்" என்றார். குறடு உடனே திரும்பி வந்தது.

ஐந்தாவது வாரம் கூட்டம் போட்டு அறிவித்தார்கள்: கம்பெனி விரிவடைகிறது, கடைவீதியில் 'மக்கள் தொடு மையம்' திறக்கப்படுகிறது. இடம், இரண்டு சந்து தள்ளி இருந்த அதே தரைத்தளம். இதற்கும் ஒரு அட்டவணை தயாராக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தட்டியவர் கிராம்.

மையத்தின் மொத்த ஊழியர் அவர் ஒருவர்தான். ஒரு மணிக்குத் தராசுகளை ஒதுக்கினால் இருவர் சாப்பிட இடம் இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம், பாத்திரத்தைத் திறக்கிற நேரத்தில் தொலைபேசி சிணுங்கியது. கை ஈரமாக இருந்ததால் மனைவிதான் எடுத்து வாசித்தார். பெரிய முதலாளி அனுப்பியிருந்தார்:

"கிராம், பையன் இப்பதான் எல்லாத்தையும் சொன்னான். பதினோராவது மாடியில தராசு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? செருப்பக்கூட ஒத்தையா எடுத்து எடை போட்டவராச்சே. சரி, அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. மத்தியானம் அம்மா வர்றாங்கதானே? விசாரிச்சதா சொல்லுங்க."