குளம்படியில் ஊறிய தண்ணீர்

ஆனி மாதம், விடிகிற நேரம். மலைமேல் ஹோட்டலுக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் வழியில், காட்டு வளைவில் என் கார் ஒரு பெண்மானை அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே அது செத்துப்போனது. பொலிசுக்கு அறிவித்தேன். அவர்கள் வனவிலங்குக் காவலர் ஒருவரை அனுப்பினார்கள்.

நரைத்த தாடி வைத்த நெட்டை மனிதர். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மானின் மடியைத் தொட்டுப் பார்த்தார், பாலால் விம்மியிருந்தது. பிறகு ரோட்டோரச் சேற்றில் குனிந்து தேடினார். தடங்களை மிதிக்காமல் பக்கத்தால்தான் நடந்தார். என் பெருவிரல் அளவான குளம்படித் தடம் ஒன்றைக் காட்டினார். அதற்குள் தண்ணீர் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நசிந்து கிடந்த புல்லில் புறங்கையை வைத்தார்.

"இன்னும் சூடு இருக்கு. குட்டி கிட்டத்தான் நிக்குது. தாயைத் தேடி வரும்."

இந்த நாட்டுக்கு வந்தபின் கற்ற ஜெர்மனில், "பால் இல்லாமல் தப்புமோ?" என்று கேட்டேன்.

அவர் கார்க் காப்புறுதிக்கான கடிதத்தில் கையெழுத்து வைத்து நீட்டினார்.

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஓம், ரெண்டு பேர்."

"அப்ப இப்பவே வெளிக்கிடுங்கோ. கார்க் கண்ணாடியை ஏத்திப்போட்டு ரேடியோவைப் போடுங்கோ."

புறப்பட்டபோது, அவர் தன் வாகனத்தின் பின்கதவைத் திறந்து துவக்கை எடுப்பது தெரிந்தது. அடுத்த வளைவு வரைக்கும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். வெடிச்சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.