ஏப்ரலில் மூடிய அடுப்பு

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வெளியே போ என்று சொன்னதில்லை. அவ்வளவு மரியாதையான குடும்பம். மாமாவை அனுப்பியபோதுகூட ஒரு கடுஞ்சொல் செலவாகவில்லை. குளிர் முடிந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னார்கள்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. நாங்கள் குடிவந்த பனிநாட்டில், மல்வேர்ன் பகுதியில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். மேல்வீட்டுச் சூடு கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால், யாரோ விற்ற பழைய பெலட் அடுப்பு ஒன்றை வாங்கி வந்து தானே பூட்டியிருந்தார். பெலட் என்பது மரத்தூளை அமுக்கிச் செய்த துண்டுகள், பார்க்கக் கோழித்தீன் போலிருக்கும். அடுப்பின் தலையிலுள்ள பெட்டியில் கொட்டிவிட்டால் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து எரித்துக்கொள்ளும். புகை, சுவரைத் துளைத்துப் போகும் குழாய் வழியே பின்வளவுக்குப் போய்விடும்.

ஒவ்வொரு வருடமும் மே மாத நீண்ட வார இறுதி கழிந்த பிறகுதான் மாமா அடுப்பைத் துப்பரவாக்கி மூடுவார். எனக்கு அது பிறந்தநாளுக்கு அடுத்த கொண்டாட்டம். ரோர்ச் லைட் பிடிக்கும் உத்தியோகம் என்னுடையது. மிஞ்சிய பெலட்டை ஒன்று விடாமல் அள்ளி மூடி போட்ட வாளியில் கொட்டுவார். ஈரம் பட்டால் அது ஊதி, திரும்ப மரத்தூளாகிவிடும். பிறகு சாம்பலை உறிஞ்சி, எரிகிற கிண்ணத்தைச் சுரண்டி, குழாய்க்குள் பிரஷ் விட்டு, இரும்புக்கு எண்ணெய் பூசி, கண்ணாடியைத் துடைப்பார். கடைசியில் பின்வளவுக்குப் போய், குருவியும் எலியும் குடியேறாதபடி குழாயின் வாயைப் பழந்துணியால் அடைப்பார். அடைத்தது மறந்துபோகக் கூடாதென்று அடுப்பின் கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிபன் கட்டுவது என் இரண்டாவது உத்தியோகம்.

நான் மூன்றாம் வகுப்பில் படித்த அந்த வருடம், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் மாமா தன்னோடு வேலை செய்யும் ஓர் அன்ரியை வீட்டுக்குக் கூட்டி வந்தார். அன்ரி எனக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் கொண்டு வந்திருந்தார், ஆகவே அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. மாமா புதுச் சேர்ட் போட்டிருந்தார். அன்ரியைக் கட்டப்போகிறார் என்பது எனக்கே விளங்கியது.

அப்பா அன்ரியிடம் அன்பாகத்தான் கதை கொடுத்தார்.

"ஊரிலை எவ்விடம் பிள்ளை?"

அன்ரி ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அட, எங்களுக்குப் பக்கத்து ஊர். அதிலை எந்தப் பக்கம்? கோயிலடியோ?"

"இல்லை, அங்கிள். கோயிலுக்குப் பின்பக்கம், குளத்தடி தாண்டி."

"குளத்தடி தாண்டியோ... அப்பா ஆர்?"

அன்ரி தகப்பனின் பெயரையும் சொன்னார். இந்த அப்பாவுக்குப் பூமிசாஸ்திரத்தில் எவ்வளவு ஆசை என்று நான் வியந்துகொண்டிருந்தேன். அத்தோடு அவருடைய ஆசை சட்டென்று தீர்ந்துபோனது. ரீவியைப் போட்டார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழுப்பிய சத்தமெல்லாம் அதன் பிறகு குசினியிலிருந்துதான் வந்தது.

தேத்தண்ணி வந்தது. எல்லோருக்கும் பீங்கான் கப். அன்ரிக்கு மட்டும், என் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய, மஞ்சள் பலூன் படம் போட்ட கடதாசிக் கப். எனக்குப் பொறாமை பொங்கியது. "அம்மா, எனக்கும் பலூன் கப்" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் நோகக் கிள்ளினார். மாமா அந்தக் கப்பைப் பார்த்தார், தன் கையிலிருந்த பீங்கானைப் பார்த்தார், பிறகு குடிக்காமல் கீழே வைத்தார். அன்ரி மட்டும் முழுவதையும் குடித்து, "நல்ல தேத்தண்ணி அக்கா" என்று சொன்னார். அவர்கள் சப்பாத்து மாட்டும்போதே அம்மா அந்தக் கப்பை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைவாளியில் போட்டார். அன்றிரவு, யாரும் சொல்லாமலே, மாமா குப்பைப் பையைக் கட்டி வெளியே கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு சத்தமோ சண்டையோ எதுவும் இல்லை. ஏப்ரல் தொடங்கி நாலைந்து நாள் போயிருக்கும். சோறு போடும்போது அம்மா சொன்னார்:

"தம்பி, உந்த அடுப்பைத் துப்பரவாக்கி மூடிவை. குளிர் முடிஞ்சுதுதானே."

பின்வளவில் என் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. மாமா யன்னலுக்கு வெளியே ஒருமுறை பார்த்தார்.

"ஓம் அக்கா" என்றார்.

நான் சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டு ரோர்ச்சோடு ஓடினேன். அன்று மாமா பகிடி விடவில்லை. ஆனால் வேலையை வழமையைவிட இரண்டு மடங்கு கவனமாகச் செய்தார். கண்ணாடியில் ஒரு கீறல் கரி இல்லை. சாம்பல் இருந்த மூலைகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்தார். அந்த அடுப்பில் ஒருநாளும் நெருப்பு எரிந்திருக்காது என்று சத்தியம் பண்ணலாம் போலிருந்தது.

"பட் மாமா, இன்னும் ஸ்னோ இருக்கே?" என்றேன்.

"அக்கா முடிஞ்சுது எண்டால் முடிஞ்சுதுதான், பிள்ளை."

குழாயின் வாயை அடைக்க அவர் தனியாகவே போனார். பனிக்குள் நீ வராதே என்றுவிட்டார். திரும்பி வந்ததும் நான் ரிபனை எடுத்து நீட்டினேன்.

"இந்தமுறை வேண்டாம். பத்த வைக்கிற ஆக்கள் தேடிப் பிடிக்கட்டும்."

அதற்குப் பிறகும் மாமா கொஞ்ச நாள் கீழே இருந்தார். ஜக்கெற்றோடு படுத்தார். அம்மா என்னிடம் கம்பளி கொடுத்துவிட்டார், சுடச்சுட இடியப்பம் கொடுத்துவிட்டார். நெருப்பைத் தவிர எல்லாம் கொடுத்துவிட்டார். அடித்து விரட்டியிருந்தால்கூட அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும்.

மாமா வோபர்னில் ஓர் அறை எடுத்துப் போனார். "வேலைக்குக் கிட்ட எண்டு போயிட்டான்" என்று சொந்தக்காரரிடம் அம்மா சொன்னதை நானும் நம்பினேன். ஆடி பிறக்க முதல் மாமாவுக்கும் அன்ரிக்கும் கல்யாணம் நடந்தது. அன்று அப்பா எங்களைக் கல்யாணத்துக்கல்ல, நயாகராவுக்குக் கூட்டிப்போனார். நான் இரண்டு ஐஸ்கிரீம் குடித்தேன். போகும் வழியெல்லாம் அம்மா யன்னல் பக்கமே திரும்பியிருந்தார், கார் ஓடினால் அவருக்குத் தலை சுற்றும் என்று நினைத்தேன்.

நவம்பர் வந்தது. பேஸ்மென்டில் அப்பா பெரிய ரீவி வைத்திருந்தார். கிரிக்கெட் பார்க்க வசதியாக அடுப்பை மூட்டப் போனார். அடுப்புக்குள் இருந்த காற்றாடி உறுமியது, கொஞ்சம் புகை கசிந்தது, பிறகு தானாகவே நின்றது. திரும்பத் திரும்ப அதுதான் நடந்தது. போனவன் பழுதாக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று அப்பா கத்தினார். அம்மா ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

குழாயின் வாயில் வழமையான பழந்துணி இல்லை. அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு கப் இறுகச் செருகப்பட்டு, சுற்றிவர ரேப் ஒட்டியிருந்தது. அம்மா ரேப்பை உரித்து அதை இழுத்து எடுத்தார். மஞ்சள் பலூன்கள்.

"என்ர பேர்த்டே கப்!" என்று கத்தினேன். அம்மா, முன்பு இரண்டு விரலால் தூக்கிய அதே கப்பை இப்போது முழுக் கையாலும் பிடித்திருந்தார். நான் எட்டி உள்ளே பார்த்தேன். புகைக் கரி வெளியில் மட்டும் கொஞ்சம் பிடித்திருந்தது. உள்ளே தேத்தண்ணிக் கறை ஒரு பொட்டும் இல்லை. குப்பையில் கிடந்ததை எடுத்து, கழுவி, காயவைத்து, மடங்காமல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். மாமாவின் வேலையென்றால் வேலைதான்.

"பாருங்கோ அம்மா, மாமா எவ்வளவு கிளீனாக் கழுவி வச்சிருக்கிறார்!"

அம்மா என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை என்னைக் கிள்ளியிருக்கிறாரே தவிர, கைநீட்டி அடித்ததில்லை. அடித்துவிட்டு, அழ வேண்டிய என்னை விட்டுவிட்டு, அவர் அழத் தொடங்கினார். ஒரு மனிதரின் துப்பரவைப் புகழ்ந்ததற்கு அடி விழுமா என்று விளங்காமல், கன்னத்தைப் பொத்திக்கொண்டு, பனி விழத் தொடங்கிய அந்த வளவில் நான் வெகுநேரம் நின்றேன்.